கிரியாட்டினின் 1.9 என்றால் பருப்பை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வி சுருக்கமாக இது. வீடு கொடைக்கானல் மேல்மலையில். அப்பாவுக்கு 62 வயது. சிறுநீரகம் தளர்ந்திருக்கிறது: இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியாட்டினின் 1.9, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈஜிஎஃப்ஆர் 39, பொட்டாசியம் 5.3, கொஞ்சம் அதிகம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், சர்க்கரை நோய் இல்லை, பிறந்ததிலிருந்து சைவம். "புரதத்தைக் குறையுங்கள்" என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பருப்பு, பயறு, பட்டர் பீன்ஸ், பட்டாணி எல்லாம் நின்றுவிட்டன. ரசஞ்சோறும் ஊறுகாயும்தான் சாப்பாடு. மூன்று மாதத்தில் 60 கிலோவிலிருந்து 57க்கு வந்துவிட்டார். இது சரியா, இல்லையென்றால் எதை எப்படிக் கொடுப்பது?

சரியில்லை. மருத்துவர் குறைக்கச் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் நிறைய நோயாளிகள் தசையை இழக்கிறார்கள். சோறும் போதாமல் புரதமும் போதாமல் போனால் உடம்பு தன் தசையையே கரைத்து எரிக்கும். அப்படிக் கரையும் தசையும் யூரியாவாகத்தான் வெளியேற வேண்டும், ஆகவே சிறுநீரகத்துக்கு ஓய்வு கொடுத்ததாக ஆகாது. இதில் ஒரு ஏமாற்றமும் உண்டு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்தால் அந்த எண்ணும் குறையும். அடுத்த பரிசோதனையில் 1.7 என்று வந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். சிறுநீரகம் தேறியிருக்காது, மனிதர்தான் இளைத்திருப்பார். எடையையும் கிரியாட்டினினையும் சேர்த்தே பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே கிரியாட்டினினும் இறங்கினால் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈஜிஎஃப்ஆர் 30க்கும் 44க்கும் நடுவில் இருப்பதை நாள்பட்ட சிறுநீரக நோயின் 3பி நிலை என்பார்கள். டயாலிசிஸ் இல்லாமல் 3 முதல் 5 வரையிலான நிலைகளில் இருக்கும் பெரியவர்களுக்கு இப்போதைய சர்வதேச வழிகாட்டுதல் சொல்வது, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம். நோய் முற்றும் அபாயம் உள்ளவர்கள் 1.3 கிராமைத் தாண்டக் கூடாது. அப்பாவின் பழைய எடையான 60 கிலோவையே கணக்கில் எடுங்கள், இளைத்த எடையை அல்ல. 60 பெருக்கல் 0.8, அதாவது 48 கிராம். இதைவிடக் குறைத்து 0.55, 0.6 என்று போகும் முறையும் இருக்கிறது. அது மருத்துவரும் உணவியல் நிபுணரும் மாதாமாதம் பார்த்துக்கொண்டு, தேவைப்பட்டால் அதற்கான மாத்திரைகளோடு செய்வது. வீட்டில் நாமாக முயன்று பார்க்கும் விஷயமல்ல. டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு நிலைமை தலைகீழ்: கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸிலேயே புரதம் போகிறது. பக்கத்து வீட்டு டயாலிசிஸ் நோயாளியின் சாப்பாட்டைப் பார்த்து உங்கள் வீட்டில் சமைக்காதீர்கள். உங்களுடையதைப் பார்த்து அவர்களும் குறைக்க வேண்டாம்.

இந்த 48 கிராமைப் பருப்பிலிருந்தும் பயறிலிருந்தும் எடுப்பதில் சிறுநீரகத்துக்கு நன்மையே உண்டு. தளர்ந்த சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாத தாது பாஸ்பரஸ். பயறில் இருக்கும் பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற வடிவில் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே பயறின் பாஸ்பரஸில் ஏறக்குறைய 30 முதல் 50 சதவீதம்தான் இரத்தத்துக்குப் போகிறது. இறைச்சியிலும் பாலிலும் உள்ளது இதைவிட அதிகமாக ஏறும். பாக்கெட் உணவில் சேர்க்கும் பாஸ்பேட் உப்போ ஏறக்குறைய முழுவதும் ஏறிவிடும். இதோடு, பயறும் காயும் சேர்ந்த சாப்பாடு இரத்தத்தில் அமிலச் சேர்மானத்தைக் குறைக்கிறது, நார்ச்சத்து மலச்சிக்கலைத் தடுக்கிறது. சிறுநீரகம் தளர்ந்தபின் பொட்டாசியத்தில் ஒரு பங்கு மலத்தோடுதான் போக வேண்டும் என்பதால் மலச்சிக்கலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் ஒரே நாளுக்குள் வயிற்றுக்குப் போனால் போதும், ஒரே வேளையில் சேர வேண்டிய அவசியமில்லை. "சைவப் புரதம் அரைகுறைப் புரதம்" என்று சொல்லிப் பவுடர் விற்பவர்களுக்கு இதுவே பதில்.

இப்போது 48 கிராம் எப்படி நிரம்புகிறது என்று பார்க்கலாம். பலரும் தவறுவது இங்கேதான், தானியத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. சமைக்காத அரிசி எடையில் 100 கிராமுக்குச் சுமார் 8 கிராம் புரதம். கோதுமை மாவு 100 கிராமுக்கு 10, 11. கேழ்வரகு 7. காலையில் நான்கு இட்லி 8 கிராம், மதியம் 100 கிராம் அரிசிச் சோறு 8 கிராம், இரவு மூன்று சப்பாத்திக்கு 80, 85 கிராம் மாவு, அதில் 9 கிராம். ஆகப் பருப்பைத் தொடுவதற்கு முன்பே 25 கிராம் வந்துவிட்டது. டீக்கும் காப்பிக்குமாக 150 மில்லி பால் 5 கிராம், மதியம் 100 மில்லி தயிர் 3 கிராம், காய்கறி எல்லாம் சேர்த்து 3, 4 கிராம். மிச்சம் 11, 12 கிராம். அதுதான் பருப்புக்கும் பயறுக்குமான இடம். சமைக்காத எடையில் நாளொன்றுக்கு 45 முதல் 50 கிராம்.

50 கிராம் கேட்பதற்குக் குறைவாகத் தெரியும், ஆனால் ஒரு ஆளுக்கு அது கௌரவமான அளவு. மட்டமாக எடுத்த ஒரு மேசைக்கரண்டி துவரம்பருப்பு 12, 13 கிராம் இருக்கும். மதியம் இரண்டு மேசைக்கரண்டிப் பருப்பில் ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பார், இரவுக்கு இன்னொரு 20, 25 கிராம் பயறில் கூட்டோ குருமாவோ. சாம்பாரைக் குடும்பத்துக்கே ஒரு பானையில் வைத்து அப்பாவுக்கு ஒரு கரண்டி என்று ஊற்றினால் கணக்கு வராது. அடியில் அள்ளினால் பருப்பு, மேலே அள்ளினால் தண்ணீர். ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி, முதல் இரண்டு வாரம் மட்டும் அவருடைய பங்கைத் தனியாக எடை போட்டு வேகவையுங்கள். அதற்குப் பிறகு கையே அளவு சொல்லும்.

துவரை, பாசி, உளுந்து, கடலை, கொள்ளு, தட்டைப்பயறு, காய்ந்த மொச்சை எல்லாமே உலர்ந்த எடையில் 100 கிராமுக்கு 20 முதல் 24 கிராம் புரதம்தான். ஆக "எந்தப் பருப்பில் புரதம் கம்மி" என்று தேடுவதில் பயனில்லை. வித்தியாசம் பொட்டாசியத்தில் இருக்கிறது. துவரம்பருப்பில் 100 கிராமுக்கு சுமார் 1,400 மில்லிகிராம், ராஜ்மாவில் 1,300க்கு மேல், பாசிப்பருப்பில் 1,250. மைசூர் பருப்பில் 700 அளவுதான், கொண்டைக்கடலையும் கடலைப்பருப்பும் 700க்கும் 950க்கும் நடுவில். பொட்டாசியம் 5.3 இருக்கும் வீட்டில் அன்றாடச் சாம்பாருக்கு மைசூர் பருப்பை முதலில் வைப்பேன், துவரையை வாரத்தில் ஒன்றிரண்டு நாளுக்குத் தள்ளுவேன். ருசி வேறுதான், ஆனால் சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் அதைச் சமாளித்துவிடும்.

மேல்மலைச் சந்தையில் பச்சையாகவே வரும் பட்டர் பீன்ஸ், டபுள் பீன்ஸ், பட்டாணி ஆகியவற்றை மக்கள் காய்கறி என்று நினைத்துத் தட்டு நிறையப் போட்டுக்கொள்கிறார்கள். பச்சை டபுள் பீன்ஸ் 100 கிராமில் 7 கிராம் புரதமும் 450 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியமும் உண்டு. உரித்த பட்டர் பீன்ஸையும் அதே கணக்கில் வையுங்கள். பச்சைப் பட்டாணியில் 5 முதல் 7 கிராம் புரதம், 250 அளவு பொட்டாசியம். இவை சமைக்கும் நாளில் அன்றைய பயறுப் பங்கு இவைதான்: உரித்த பட்டர் பீன்ஸ் 75, 80 கிராம் எடுத்தால் அது 25 கிராம் பருப்புக்குச் சமம். அதன் மேல் சாம்பாரையும் ஊற்றினால் இரட்டிப்பு. தோலோடு நறுக்கிப் பொரியல் செய்யும் பீன்ஸ் வேறு, அதைக் காய்கறியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பொட்டாசியம் தண்ணீரில் கரைவது. புரதம் அவ்வளவாகக் கரையாது. பயறு சமைப்பதன் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கியிருக்கிறது. ஊறிய தண்ணீரையும் ஒரு கொதி வெந்த தண்ணீரையும் கொட்டினால் பொட்டாசியத்தில் பாதியோ அதற்கு மேலோ போய்விடும், புரதம் பெரும்பாலும் தங்கிவிடும். கொஞ்சம் பி வைட்டமின்களும் சேர்ந்து போகும். அந்த நஷ்டத்தை ஏற்றுக்கொள்ளலாம்.

உடைத்த பருப்புக்குச் செய்முறை இது. பருப்பை மூன்று முறை கழுவி, அதைப் போலப் பத்து மடங்கு வெந்நீரில் இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். 25 கிராம் பருப்புக்குக் கால் லிட்டர் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றித் திறந்த பாத்திரத்தில் 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். மேலே எழும் நுரையோடு வடிகட்டிக் கொட்டுங்கள். பருப்பு இந்த நேரத்தில் விரலால் நசுக்கினால் வெளியே மெத்தென்றும் உள்ளே கட்டியாகவும் இருக்க வேண்டும். அதற்கு மேல் விட்டால் கரைய ஆரம்பித்துவிடும், பிறகு வடிக்க முடியாது. மூன்றாவது தண்ணீரை அளவாக ஊற்றிக் குக்கரில் வைத்து மசிய வேகவையுங்கள். முழுப் பயறு என்றால் முந்தின இரவே ஊறவைத்து, நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி, காலையில் 15 நிமிடம் கொதிக்கவைத்து வடித்துப் பிறகு குக்கர்.

இந்த வரிசை முக்கியம். நேராகக் குக்கரில் பருப்பையும் தண்ணீரையும் போட்டு மூடினால் பொட்டாசியம் பருப்பிலிருந்து தண்ணீருக்குப் போகும், ஆனால் அந்தத் தண்ணீர் சாம்பாருக்குள்ளேயே இருக்கும். இதைவிடப் பெரிய தவறு, வெந்த பருப்பின் மேல் தெளிவை எடுத்து ரசம் வைப்பது. "பருப்பைத் தரவில்லை, பருப்புத் தண்ணீர் ரசம்தான் தருகிறோம்" என்பார்கள். வேண்டியது பருப்பு, வேண்டாதது அந்தத் தண்ணீர். கொள்ளு ரசமும் அப்படித்தான். குளிருக்கு இதமாக இருக்கும், மலையில் எல்லா வீட்டிலும் வைப்பார்கள், சிறுநீரகக் கல்லைக் கரைக்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. கல் வேறு, சிறுநீரகச் செயல் குறைவு வேறு. கல்லுக்குச் சொல்லும் கொள்ளுத் தண்ணீரும் பச்சை வாழைத்தண்டுச் சாறும் பொட்டாசியம் 5.3 உள்ளவருக்கு உகந்தவை அல்ல. ரசம் வேண்டுமென்றால் புளியைக் குறைத்து, ஒரே ஒரு தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு போட்டு வையுங்கள்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால் திறந்த பாத்திரத்தில் பயறு வேகவே வேகாது என்று அலுத்துக்கொள்வது நியாயம்தான். குக்கரும் முழுதாக ஈடுகட்டுவதில்லை. வெயிட் தாங்கும் அழுத்தம் ஒன்றுதான், ஆனால் வெளியே இருக்கும் காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்கு என்பதால் உள்ளே 121க்குப் பதில் 117 டிகிரி அளவுதான் வரும். விசிலை எண்ணாதீர்கள், முதல் விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். சமவெளியில் 12 நிமிடம் வேகும் பயறுக்கு இங்கே 15 நிமிடம், கால் பங்கு கூடுதல்.

ராஜ்மாவுக்கு இது ருசி சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. அதில் இருக்கும் லெக்டின் என்ற நச்சுப் புரதம் அரைவேக்காட்டில் அழியாது. சாப்பிட்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு வாந்தி பேதியால் நீர் வற்றினால் ஒரே நாளில் கிரியாட்டினின் எகிறிவிடும். அதை அழிக்க 100 டிகிரியில் அரை மணி நேரக் கொதி வேண்டும் என்பது பாதுகாப்பான கணக்கு. மேல்மலையில் திறந்த பாத்திரம் அந்தச் சூட்டைத் தொடவே தொடாது. ஆகவே ராஜ்மாவை இரவு ஊறவைத்து, தண்ணீர் கொட்டி, வடித்து, குக்கரில் 25 நிமிடமாவது வேகவைத்தே கொடுக்க வேண்டும். விறகடுப்பு ஓரத்தில் மெல்ல வேகட்டும் என்று பானையை வைத்துவிட்டுப் போவது இந்த ஒரு பயறுக்கு ஆகாது.

வேகாத பயறுக்கு மலை வீடுகளில் கைவசம் ஒரு வழி இருக்கிறது: சோடா உப்பு. ஒரு சிட்டிகை போட்டால் பட்டர் பீன்ஸ் வெண்ணெய் போல வெந்துவிடும். சிட்டிகை என்று ஆரம்பித்து அரைத் தேக்கரண்டிக்குப் போய்விடுகிறது. அரைத் தேக்கரண்டி சோடா உப்பில் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுவதற்கும் அப்பாவுக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறபோது இது பெரிய தொகை. உப்பு என்று நாக்குக்குத் தெரியாது என்பதால் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கால் வீக்கமும் இரத்த அழுத்தமும் மட்டும் ஏறும். இட்லி மாவிலும் இதே கதை. டிசம்பர், ஜனவரிக் குளிரில் மாவு பொங்காது, உடனே சோடாவோ ஃப்ரூட் சால்ட்டோ போடுகிறார்கள். மாவுப் பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பெரிய பாத்திரத்துக்குள் வைத்து, கம்பளியால் சுற்றி அடுப்பு மேடையில் வையுங்கள். உளுந்தோடு ஒரு தேக்கரண்டி வெந்தயம் சேர்த்து அரையுங்கள். 16, 18 மணி நேரம் ஆனாலும் பொங்கிவிடும்.

ஒரு குழப்பம் வரக் கூடாது. இரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது என்று மருத்துவரே சோடியம் பைகார்பனேட் மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தால் அதை நிறுத்தாதீர்கள். அது அளவோடு, காரணத்தோடு தரும் மருந்து. சமையலில் கைபோன போக்கில் போடும் சோடாவைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மாவு பொங்கும்போதும் பயறு முளைக்கும்போதும் பைட்டேட் ஓரளவு உடைகிறது, அதனால் பாஸ்பரஸ் கொஞ்சம் கூடுதலாக ஏறும். அதற்காக இட்லியை விட வேண்டியதில்லை, அந்த வித்தியாசம் சிறியது. முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தின்பதை மட்டும் தவிருங்கள். முளைக்கும் ஈரச் சூட்டில் கிருமியும் வளரும், பொட்டாசியமும் அப்படியே இருக்கும். முளையையும் கொதிநீரில் வேகவைத்து வடித்தே கொடுங்கள்.

வடிக்கவே முடியாத புரத உணவுகள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, கவனம் தப்புவது அங்கேதான். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பொட்டுக்கடலைச் சட்னி, வேர்க்கடலைச் சட்னி, சத்துமாவுக் கஞ்சி. இவற்றில் பருப்பு வறுபட்டு அரைபட்டு முழுப் பொட்டாசியத்தோடு உள்ளே போகிறது. முற்றிலும் விலக்க வேண்டாம். ஆனால் 50 கிராம் பங்குக்குள்ளேயே இவையும் வர வேண்டும். காலையில் இரண்டு கரண்டி பொட்டுக்கடலைச் சட்னி என்றால் மதியப் பருப்பு அரைக் கரண்டி குறையட்டும். சத்துமாவை நான் விலக்கவே சொல்வேன். பத்துப் பதினைந்து தானியமும் பயறும் முந்திரியும் பாதாமும் அரைத்த மாவில் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

வேர்க்கடலையை உப்பில்லாமல் வேகவைத்து வடித்து ஒரு கைப்பிடி, அதாவது வேகவைக்கும் முன் 30 கிராம், மாலையில் கொடுக்கலாம். அதில் 7 கிராம் புரதம் உண்டு, நல்ல கொழுப்பும் கலோரியும் கிடைக்கும். அன்று இரவுப் பயறு வேண்டாம். ஏரிக்கரையில் விற்கும் உப்புக் கடலையும் மசாலாக் கடலையும் வேறு கணக்கு, அவற்றின் உப்பே ஒரு வேளைச் சாப்பாட்டு உப்பைத் தின்றுவிடும்.

சோயா உருண்டைகளை எடை பார்க்காமல் போடவே கூடாது. உலர்ந்த 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம். குருமாவில் ஆளுக்கு 50 கிராம் போட்டால் ஒரே வேளையில் 26 கிராம், நாள் பங்கில் பாதிக்கு மேல். பொட்டாசியமும் துவரையைவிட அதிகம். 20 கிராம் எடுத்து, கொதிநீரில் 15 நிமிடம் ஊறவைத்து, கையால் இறுகப் பிழிந்து, இன்னொரு முறை வெந்நீரில் போட்டுப் பிழிந்து சமைத்தால் 10 கிராம் புரதத்தோடு நல்ல உணவு. முதல் பிழிவில் வரும் மங்கலான மஞ்சள் தண்ணீரைப் பார்த்தாலே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று தெரியும்.

காளானைப் புரதம் என்று எண்ண வேண்டாம். பட்டன் காளானில் 100 கிராமுக்கு 3 கிராம்தான். மழைக்காலத்தில் சோலையோரம் முளைப்பவற்றைப் பறித்துச் சமைப்பது சிறுநீரக நோயாளி உள்ள வீட்டில் கூடவே கூடாது. காட்டுக் காளான்களில் சிலவற்றின் நஞ்சு நேராகச் சிறுநீரகத்தையே அழிக்கும்.

பருப்போடு சேரும் காயும் கணக்கில் சேரும். பருப்பைப் பக்குவமாக வடித்துவிட்டு அதில் உருளைக்கிழங்கைப் போட்டால் உழைப்பு வீண். சௌசௌ, முட்டைக்கோஸ், பீன்ஸ் மூன்றும் பொட்டாசியம் குறைந்தவை, மூன்றும் மலையிலேயே விளைபவை. சாம்பாருக்கும் கூட்டுக்கும் இவற்றையே அதிகம் பயன்படுத்துங்கள். கேரட்டும் பீட்ரூட்டும் நடுத்தரம், நறுக்கி வேகவைத்து வடித்தால் நல்லது. உருளை கேட்டால் தோல் சீவிச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கொட்டிவிட்டுப் பொரியல் செய்யுங்கள். முழுக்கிழங்காகத் தோலோடு அவித்தாலோ, நறுக்கிப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு மட்டும் எடுத்தாலோ பெரிதாக ஒன்றும் வெளியேறாது. பழத்தில் பேரிக்காய், பிளம்ஸ், ஆப்பிள் ஒரு நாளைக்கு ஒன்று தாராளமாகத் தரலாம். கீழ்மலையிலிருந்து வரும் வெண்ணெய்ப்பழத்திலும் மலை வாழைப்பழத்திலும் பொட்டாசியம் அதிகம், எண் 5க்குக் கீழே இறங்கும்வரை நிறுத்தி வையுங்கள். நட்சத்திரப்பழம் எப்போதுமே வேண்டாம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் நஞ்சு மூளையைத் தாக்கும். நிற்காத விக்கலில் ஆரம்பித்துக் குழப்பம், வலிப்பு வரை போகும்.

உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள். ரசஞ்சோற்றுக்கு ஊறுகாய் தொட்டுச் சாப்பிடும் பழக்கத்தில் அது காலையிலேயே முடிந்திருக்கும். இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அதில் விசேஷ நன்மை இல்லை. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பது அதைவிட ஆபத்து: சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். பொட்டாசியம் 5.3 உள்ள வீட்டில் அந்தப் பாக்கெட் இருக்கவே கூடாது.

புரதப் பவுடர் தேவையில்லை. 48 கிராம் சாப்பாட்டிலேயே வந்துவிடுகிறது என்று மேலே பார்த்தோம். பாக்கெட் எதை வாங்கினாலும் பின்பக்கத்து எழுத்தில் பாஸ்பேட் என்ற சொல்லையோ 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரையிலான எண்களையோ தேடுங்கள். இருந்தால் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். கோலா பானங்கள், பதப்படுத்திய சீஸ், உடனடி நூடுல்ஸ், பேக்கரி கேக் எல்லாம் இந்த வகையில் வரும். கொடைக்கானலில் வீட்டுப் பாங்கில் செய்யும் கெட்டிச் சீஸில் பாஸ்பேட் உப்பு சேர்க்காமல் இருக்கலாம், ஆனால் பாலின் பாஸ்பரஸும் உப்பும் அதில் செறிந்திருக்கும். அப்பாவுக்கு அது வேண்டாம். உண்மையில் கொஞ்சம் பருப்பைப் பற்றிப் பயப்படும் வீட்டில் சீஸும் பிஸ்கட்டும் கேள்வியில்லாமல் போவதுதான் எனக்கு வருத்தம்.

புரதத்தை அளந்து கொடுக்கும்போது கலோரி போதுமானதாக இருக்க வேண்டும். கிலோவுக்கு 25 முதல் 35 கலோரி, அப்பாவுக்கு 1,500 முதல் 2,100 வரை. குளிர் ஊரில் தோட்ட வேலையும் செய்கிறார் என்றால் மேல் எல்லையைப் பிடியுங்கள். தாளிப்பில் இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய், மாலையில் ஜவ்வரிசிக் கஞ்சி என்று புரதம் சேராத கலோரியைக் கூட்டலாம். ஜவ்வரிசியில் புரதமும் பொட்டாசியமும் மிகக் குறைவு. சர்க்கரை நோய் இல்லாததால் அதில் கொஞ்சம் சீனி போடலாம். வெல்லமும் கருப்பட்டியும் பொட்டாசியம் நிறைந்தவை, இவருக்கு வெள்ளைச் சீனியே பரவாயில்லை.

அந்த 5.3ஐப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், மலையில் இருப்பவர்களுக்கு இது முக்கியம். இரத்தத்தை எடுத்த பிறகு அதன் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரிக்காமல் அப்படியே மணிக்கணக்கில் வைத்திருந்தால் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். குளிரில் இன்னும் அதிகமாகக் கசியும். மலையில் காலையில் எடுத்த குழாய் ஐஸ் பெட்டியில் அடிவாரம் இறங்கி மாலையில் இயந்திரத்துக்குப் போனால், உண்மையில் 4.8 இருப்பது 5.5 ஆகக்கூடத் தெரியலாம். "சீரம் இங்கேயே பிரித்து அனுப்புகிறீர்களா" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் பொட்டாசியத்துக்கு மட்டுமாவது பரிசோதிக்கும் இடத்திலேயே போய் இரத்தம் கொடுங்கள். எடுக்கும்போது கையை மூடி மூடித் திறப்பதும் அந்த எண்ணை ஏற்றும்.

உண்மையிலேயே கூடியிருந்தால் மாத்திரையும் காரணமாக இருக்கலாம். பெயர் "பிரில்" என்றோ "சார்டான்" என்றோ முடியும் இரத்த அழுத்த மாத்திரைகளும் ஸ்பைரோனோலாக்டோனும் பொட்டாசியத்தை ஏற்றும். ஆனால் முதல் இரு வகைகளும் சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள், நீங்களாக நிறுத்தினால் பெரிய நஷ்டம். அளவை மாற்றுவதும் பொட்டாசியத்தைக் குறைக்கும் மருந்து சேர்ப்பதும் மருத்துவர் முடிவு. மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளை மட்டும் அடியோடு விடுங்கள், அவை சிறுநீரகத்தையும் கெடுத்துப் பொட்டாசியத்தையும் ஏற்றும்.

சாப்பாட்டை இப்படி மாற்றியபின் இரண்டு வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின், யூரியா, பைகார்பனேட், பாஸ்பரஸ் பார்த்து, எடையோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டுங்கள். எடை வாரம் ஒரு முறை, காலையில், ஒரே தராசில். 57 அப்படியே நின்று மெல்ல ஏற ஆரம்பித்தால் கலோரி சரியாக இருக்கிறது. பொட்டாசியம் 5க்குக் கீழே வந்து அங்கேயே நின்றால் இரண்டு முறை வடிப்பதை ஒரு முறையாகக் குறைத்துப் பார்க்கலாம், துவரம்பருப்பு மறுபடி வரலாம். 5.5ஐத் தொட்டால் அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போன் செய்து கேளுங்கள். 6ஐத் தாண்டினாலோ, கைகால் தளர்ச்சி, படபடப்பு, மூச்சுத்திணறல் வந்தாலோ அன்றே, அந்த நேரத்திலேயே, ஈசிஜி எடுக்கும் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அறிகுறியே இல்லாமலும் பொட்டாசியம் இதயத்தைப் பாதிக்கும், அதனால் "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று விடியும்வரை பொறுக்காதீர்கள். மேல்மலையிலிருந்து இறங்க எடுக்கும் நேரத்தையும் கணக்கில் வைத்து, எந்த மருத்துவமனை, எந்த வண்டி என்பதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.